நீலிக்கு யார் பிணை?

ரத்தக் காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையைத் தீவிர வாசகர்கள் கையில் எடுப்பதில்லை. எடுத்தாலும் அட்டையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஆனால் உலகமெங்கும் இளம்பெண்கள் இருபது ஆண்டுகளாக விடாமல் படித்துவரும் வகை இது. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ 2005-இல் வந்தது. அந்த வரிசை மட்டும் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. தமிழில் இந்த வகை புத்தகக் கடையைவிடக் கைப்பேசியில்தான் அதிகம் வாழ்கிறது. பிரதிலிபி போன்ற செயலிகளில் பேயும் காதலும் கலந்த தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகக் காத்திருந்து படிக்கிறார்கள். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி ஷிப்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்தப் பயண நேரம்தான் வாசிப்பு நேரம். இந்த வாசிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி. இந்தக் கதைகள் கனமான ஒரு கேள்வியைக் கேட்கின்றன: நம்மைக் கொல்லும் பலம் உள்ள ஒருவனோடு ஒரே கூரையின்கீழ் வாழப்போகிறோம் என்றால், அவன் கொடுக்கும் வாக்கை எதை நம்பி ஏற்பது? மீஞ்சூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், திருவாலங்காட்டிலும் அதை ஒட்டிய பழையனூரிலும், அந்தக் கேள்வி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. நாவல் அதற்குச் சொல்லும் விடை போதாது. பழையனூர் சொன்ன விடை அதைவிடப் பெரியது. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் இரண்டின் குறையும் தெரியவரும்.

முதலில் காட்டேரி எப்படி மாப்பிள்ளை ஆனான் என்று பார்க்கலாம். 1819-இல் ஜான் பாலிடோரி எழுதிய கதையில் வரும் ருத்வென் பிரபு கனவான் வேடத்தில் திரியும் கொலைகாரன். அவன் கதைநாயகனின் தங்கையையே மணக்கிறான். மணநாள் இரவிலேயே அவள் ரத்தத்தைக் குடித்துவிட்டு மறைந்துபோகிறான். அவன் யார் என்பது அந்த அண்ணனுக்கு முன்பே தெரியும். ஆனால் ஓராண்டும் ஒரு நாளும் வாய் திறப்பதில்லை என்று அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதில் ஒரு பெண்ணின் உயிர் போகிறது. 1872-இல் ஷெரிடன் லெஃபனுவின் ‘கார்மில்லா’வில் ரத்தம் குடிப்பவள் பெண்; நெருங்கிய தோழியாக வீட்டுக்குள் வந்து தங்குகிறாள். 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தபோது ஒரு விதி உறுதிப்பட்டது: வீட்டார் யாராவது ஒருமுறை அழைத்தாலொழிய அவனால் வாசற்படி தாண்ட முடியாது. 1976-இல் ஆன் ரைஸ் காட்டேரியையே பேசவிட்டு, தன் பாவத்தைத் தானே எண்ணிப் புழுங்குகிறவனாகக் காட்டினார். மேயர் செய்தது இதன் அடுத்த படி. அவருடைய எட்வர்ட் கொல்லத் தெரிந்தவன். கொல்வதில்லை என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டவன். பாலிடோரியில் மணப்பெண்ணின் பிணத்தோடு முடிந்த கதை, மேயரில் மணப்பெண்ணின் அமரத்துவத்தில் முடிகிறது. இடைப்பட்ட கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளில் மாறியது காட்டேரியின் பலம் இல்லை. அவன் வாக்குக் கொடுக்கத் தொடங்கினான் என்பதுதான் மாற்றம்.

‘ட்வைலைட்’டில் வாசகியைப் பிடித்து நிறுத்துவது எது? அழகு, பணம், கார் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை எந்தக் காதல் நாவலிலும் கிடைக்கும். இங்கே மட்டும் கிடைப்பது ஓர் ஒப்புதல். வகுப்பில் நாயகி பெல்லாவின் பக்கத்தில் முதல்முறை உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரமும் அவளை எப்படிக் கொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்ததாக எட்வர்ட் பிறகு அவளிடமே சொல்கிறான். தன்னிடம் அவள் பயப்படவேண்டும், பயப்படாமல் இருப்பது தவறு என்றும் சொல்கிறான். நம் வீடுகளில் பெண் பார்க்க வரும் எந்தக் குடும்பமும் இதைச் சொல்வதில்லை. ‘பையன் தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது’ என்ற வாக்கியத்தோடுதான் எல்லாச் சம்பந்தமும் தொடங்குகிறது. முன்பின் தெரியாத ஆணோடு கதவைத் தாழிட்டுக்கொள்ளும் முதல் இரவில் மணப்பெண்ணுக்கு வரும் பயத்தைப் பேச நமக்கு இங்கிதமான வார்த்தைகளே இல்லை. வெட்கம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். நாவல் அந்தப் பயத்தை வெட்கமாக்காமல் பயமாகவே வைத்துப் பேசுகிறது. ஆபத்தை ஒளிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, அதைக் கட்டுப்படுத்துகிற ஓர் ஆணையும் காட்டுகிறது. வாசகிக்குக் கிடைக்கும் இன்பம் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

தமிழ் வாசகிக்கு இந்த ஆண் முற்றிலும் அந்நியனும் இல்லை. ரமணிசந்திரனின் நாவல்களை இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் படித்திருக்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற நாயகன் பணக்காரன், கர்வி, கோபக்காரன், நாயகியை ஆரம்பத்தில் வார்த்தையால் சுடுகிறவன். உள்ளுக்குள் அவளுக்காகவே உருகுகிறவன். அவனுடைய கடுமை காதலின் மறுபக்கம் என்று கடைசியில் தெரியவரும்போது நாவல் முடிகிறது. காட்டேரி நாயகன் இவனுடைய அடுத்த வீட்டுக்காரன்தான். ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியமானது. இந்த மாத நாவல்களில் ஆணின் ஆபத்து ஒரு தவறான புரிதலாகக் கரைந்துவிடும். அவன் உண்மையில் ஆபத்தானவனே இல்லை என்று ஆகிவிடும். காட்டேரி நாவலில் ஆபத்து கடைசிப் பக்கம் வரை ஆபத்தாகவே இருக்கிறது. இந்த விஷயத்தில் காட்டேரி நாவல் மாத நாவலைவிட நேர்மையானது. எழுத்துத் திறத்தைச் சொல்லவில்லை. எதை எதிர்கொள்கிறது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது பழையனூருக்கு வரலாம். ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த நீலியின் ஊர். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவான எலும்பு இது. நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன்னை நம்பி வந்த பெண்ணைக் காட்டில் கொன்றுவிடுகிறான். வாய்மொழி வடிவங்களில், உயிர் போகும் நேரத்தில் அவள் பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சிக்கு அழைக்கிறாள். மறுபிறப்பில் அவன் வணிகனாகவும் அவள் பேயாகவும் வருகிறார்கள். அவனிடம் பேயை அண்டவிடாத ஓர் ஆயுதம் இருக்கிறது. அவள் ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டுப் போகிறான்’ என்று பழையனூர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர் அவளை நம்புகிறது. உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே அறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சத்தால் உயிர் கொண்ட ஒருத்தியைப் பற்றிய செய்தியைச் சுட்டுகிறார். எழுபது வேளாளர் தீக்குழியில் மூழ்கியதைப் பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் வரலாற்றில் போற்றுகிறார்.

இந்தக் கதையைக் காட்டேரிக் காதலோடு சேர்த்துப் படிக்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. இரண்டிலும் மையமான காட்சி ஒன்றேதான்: பூட்டிய அறையில் ஒரு கணவன், ஒரு மனைவி, இருவரில் ஒருவருக்கு மற்றவரைக் கொல்லும் பலம். நாவலில் அந்த அறைக்குள் அவனுடைய மன அடக்கத்தைத் தவிர வேறு காவல் கிடையாது. பழையனூரில் அறைக்கு வெளியே ஓர் ஊரே காவலாக நிற்கிறது. தனி ஆளின் வாக்குப் போதாது என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே நடப்பதற்கு வெளியே இருக்கிறவர்கள் பொறுப்பு, அந்தப் பொறுப்புக்கு விலை தங்கள் உயிர் என்று எழுபது பேர் ஏற்றுக்கொண்டார்கள். குடும்ப விஷயத்தில் வெளியாள் தலையிடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும் நம் காலத்துக்கு, இந்த எழுபது பேரின் அறம் மிகப் பெரியது. ட்வைலைட்டின் எந்தப் பக்கத்திலும் இதற்கு நிகராக ஒன்று கிடையாது.

ஆனால் கதையை இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். அந்த எழுபது உயிர்ப் பிணையும் யாருக்குக் கொடுக்கப்பட்டது? வணிகனுக்கு. அவன் சாகக் கூடாது என்பதற்காக. முற்பிறப்பில் காட்டு வழியில் அவனை நம்பி நடந்துபோன பெண்ணுக்கு எந்த ஊரும் பிணை நிற்கவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே சாட்சி கள்ளிச் செடி. இதைக் கவித்துவமான கற்பனை என்று மட்டும் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சோழர் காலத்தில் நிலம் தானம் கொடுத்தால் பெண் யானையை நடத்தி எல்லை காட்டி, எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நட்டு, அதிகாரிகளின் கையெழுத்தோடு ஓலை எழுதிச் செம்பில் வெட்டிவைப்பது முறை. ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளே 1905-இல் கிடைத்திருக்கின்றன. நிலத்தின் எல்லைக்குக் கள்ளி சாட்சியாக நின்றது. அந்தச் சாட்சியை எல்லாரும் மதித்தார்கள். அதே கள்ளியைத் தன் கொலைக்குச் சாட்சியாக ஒரு பெண் அழைத்தபோது யாரும் வரவில்லை. மறுபிறப்பில் அந்தச் சாட்சியையே ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்துகொண்டு அவள் சபைக்கு வருகிறாள். செடியாக நின்றபோது கேட்கப்படாத சாட்சி, குழந்தையாகிப் பேசியபோதுதான் கேட்கப்படுகிறது. பெண்ணாக அவள் சொல் எடுபடவில்லை. ஒருவனுடைய பிள்ளைக்குத் தாயாக வந்து நின்றபோது எடுபட்டது. பழையனூர்க் கதையின் ஓட்டை என்று நான் சொன்னது இதைத்தான்.

திருவாலங்காட்டில் இன்னொரு பேய் மகளும் இருக்கிறார். காரைக்கால் அம்மையார். அவருடைய கணவன் பரமதத்தனும் வணிகன். மாம்பழ அற்புதத்தைக் கண்டு மிரண்டு அவரை விட்டுப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரை வைத்தான். இனி இந்த அழகு யாருக்கு என்று சதையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்ட அம்மையார், கயிலைக்குத் தலையால் நடந்து, ஆலங்காட்டில் ஆடலைக் காணும் வரம் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அவர் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சித்தான் சம்பந்தர் ஆலங்காட்டுக்குள் போகாமல் அருகிலேயே தங்கினார். என்னைப் பாட மறந்தாயோ என்று இறைவன் கனவில் கேட்டபின் பதிகம் பாடினார் என்றும் அது சொல்கிறது. ஒரு பேய் மகளின்மேல் இருந்த மரியாதையால் பிறந்த பதிகத்தில் இன்னொரு பேய் மகள் நினைவுகூரப்படுகிறாள். ஒருத்தி பக்தியால் பேயானவர், ஒருத்தி பழியால் பேயானவள். ஆனால் இருவரும் பேயானது நம்பிய ஆண் கைவிட்ட இடத்தில். நம் கதைகளில் பேயாவது என்பது பெண் தாம்பத்தியத்தை விட்டு வெளியேறும் வழி. மேயரின் நாவலில் பெல்லா காட்டேரியாவது தாம்பத்தியத்துக்குள் நிரந்தரமாகப் போய்ச் சேர்வதற்கு. அவளுக்குச் சாவு மணவாழ்க்கையை முடிவில்லாமல் நீட்டிக்கிறது. நம் ஆலங்காட்டுப் பெண்களுக்கு அது மணவாழ்க்கைக்குப் போடும் முற்றுப்புள்ளி.

நம் பேய்கள் எல்லாம் பெண்கள், அங்கே காட்டேரிக் காதலன் ஆண், ஆகவே ஒப்பிட முடியாது என்று ஒருவர் சொல்லலாம். ஆண் பேய்க் காதலன் நம்மிடமும் உண்டு. அவனை நாவலில் தேடாமல் பேயோட்டும் இடத்தில் தேடவேண்டும். இசபெல் நபகோவ் என்ற மானிடவியலாளர் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1997-இல் கட்டுரையாகவும் 2000-இல் ஒரு நூலின் பகுதியாகவும் வெளியிட்டார். அங்கே பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. பிடிப்பது அகாலத்தில் செத்த இளைஞன். காதல் நிறைவேறாமல் உயிரை மாய்த்துக்கொண்டவனாக இருப்பான். தரிசு வழியில் தனியாக வந்த மணப்பெண்மேல் ஆசைப்பட்டு ஏறிக்கொள்கிறான். பிறகு அவள் புருஷனை அண்டவிடுவதில்லை. பம்பைக்காரர்கள் வந்து பாடி ஆடவைத்து, பேயை அதன் பெயரையும் ஊரையும் செத்த விதத்தையும் அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள். பேய் உட்கார்ந்திருக்கும் உச்சி மயிரை முடிச்சுப் போட்டு, அவள் தலையில் கல்லைச் சுமந்து புளியமரத்துக்கு ஓடியதும், அந்த மயிர்க்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடிக்கிறார்கள். காதலன் மரத்தோடு போகிறான். மனைவி கணவனிடம் திரும்புகிறாள். ட்வைலைட்டின் கதைக்கரு முழுவதும் இந்தச் சடங்கில் இருக்கிறது, தலைகீழாக. செத்த ஆணின் ஆசை, மணவயதுப் பெண், கணவன் இடத்தில் இன்னொருவன். நாம் அவனை ஆணியடித்து நிறுத்திய இடத்திலிருந்து நாவல் அவனை அவிழ்த்துக் கொண்டுவருகிறது. புருஷன் பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது, வேறெதையோ மனம் தேடுகிறது என்று ஒரு புதுப்பெண் ஊர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல நம் மரபு அனுமதித்தது பேய் பிடித்த அந்தச் சில மணி நேரம் மட்டும். தொடர்கதை படிக்கும் பெண்ணுக்கு அதே அனுமதி, பம்பை இல்லாமல், தலைமயிர் இழக்காமல் கிடைக்கிறது.

இரண்டு மரபுகளும் மிக நெருங்கி வரும் இடம் பிரசவம். 2008-இல் வந்த நான்காவது நாவலில் பெல்லாவின் வயிற்றிலிருக்கும் பிள்ளையே அவள் விலா எலும்பை முறிக்கிறது. பிரசவத்தில் அவள் செத்துக்கொண்டிருக்கும்போது எட்வர்ட் தன் நஞ்சைச் செலுத்தி அவளைக் காட்டேரியாக்குகிறான். பலர் அருவருப்பென்று ஒதுக்கிய இந்தப் பகுதிதான் அந்த வரிசையிலேயே உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் கர்ப்பிணியைக் காட்டேரி அண்டாமல் காக்கும் சடங்குகள் எத்தனை! பிள்ளை வயிற்றோடு செத்தவளுக்காகச் சாலை ஓரத்தில் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருந்தது. செங்குத்தாக இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், வழிப்போக்கன் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றும் உயரத்தில். இறக்க முடியாமல் போன அவள் சுமையை மற்றவர்கள் சுமை இறக்கித் தீர்க்கிறார்கள் என்பது நம்பிக்கை. தாம்பத்தியத்தில் பெண் உயிரைப் பணயம் வைக்கிறாள் என்பதை நாவல் ரத்தமாகக் காட்டுகிறது. நம் முன்னோர் கல்லாக நட்டுவைத்தார்கள். கல்லை மதிக்கிறவர்கள் நாவலை மட்டும் அசிங்கம் என்று சொல்வது சரியாகாது.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். மிகப் பலமானது இது: இந்த நாவல்கள் ஆபத்தான ஆணை நேசிக்கப் பெண்களைப் பழக்குகின்றன. எட்வர்ட் அவள் அறியாமல் இரவில் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு பழகலாம் என்று அவனே முடிவு செய்கிறான். அதெல்லாம் அன்பு என்று பெயர் பெறுகிறது. நம் தெருக்களில் பின்தொடர்வதையே காதல் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கும்போது இது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகாதா? இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. பின்தொடர்வதை நாவல் அழகாக்குகிறது. அது அதன் உண்மையான தீமை. ஆனால் வாசகி அங்கே தேடிப் போவது ஆபத்தை அல்ல, ஆபத்து கட்டுக்குள் நிற்பதை. ஆபத்து அவளுக்கு ஏற்கெனவே வாழ்க்கையில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நாவலுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண் யார் சொல்லை நம்புவது என்று ஒவ்வொரு நாளும் எடைபோடுகிறாள். அவளுக்கு வேண்டியது அந்தக் கேள்விக்கு நல்ல விடை. நாவல் கெட்ட விடை சொல்கிறது என்றால் நல்ல விடை சொல்லும் கதையைத் தருவதுதான் பதில். கேள்வி கேட்டவளைப் பழிப்பது பதிலாகாது.

இரண்டாவது ஆட்சேபம் நாவலைக் கவனமாகப் படித்தவர்களிடமிருந்து வரக்கூடியது. நாவலில் வெறும் தனி ஆளின் வாக்குத்தான் இருக்கிறது என்பது சரியில்லை. எட்வர்டின் குடும்பம் மனித ரத்தம் குடிப்பதில்லை என்று நோன்பு காக்கிறது. மனிதரைக் கடிப்பதில்லை என்று ஓநாய்க் குலத்தாரோடு உடன்படிக்கையும் செய்திருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த உடன்படிக்கையில் பெல்லா ஒரு தரப்பு இல்லை. அவளைக் கடிக்கலாமா கூடாதா என்பதை இரண்டு குலத்தின் ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். கடைசியில் விலக்குத் தருகிறவனும் ஓநாய்க் குலத்தைச் சேர்ந்த, அவளை விரும்பிய ஜேக்கப்தான். பழையனூர்ச் சபையில் நடந்ததும் இதுவே. பிணை இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், உயிரைக் கொடுக்கும் நேர்மையும் இருந்தது. அந்த ஏற்பாடு முழுவதும் அவளைப் பற்றி இருந்ததே தவிர அவளோடு செய்துகொண்டதாக இல்லை. பாலிடோரியின் கதையில் தங்கையைக் கொன்ற சத்தியமும் அப்படிப்பட்டதுதான்.

நீலி கதை வேளாளரின் வாய்மையைப் பாடவந்த குலப்பெருமைக் கதை, அதற்குள் இன்றைய பெண்ணின் நியாயத்தைத் திணிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது என்று மூன்றாவதாகச் சொல்லலாம். குலப்பெருமை அதில் இருப்பது உண்மை. ஆனால் நீலியை எழுபது பேரிடமிருந்து மீட்டெடுக்கும் முயற்சி இன்று தொடங்கியதில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில், சுடுகாட்டில் தவமிருந்த சமண முனிவரை மிரட்ட வருகிறவள் பழையனூர் நீலிதான். பயமுறுத்திப் பார்க்கிறாள், பிறகு அழகியாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் இரண்டுக்கும் அசையாமல் அவளோடு பேசுகிறார். அவள் கொல்லாமையை ஏற்று, பிற சமய ஆசிரியர்களை வாதில் வென்று ஊர் ஊராகப் போகிறாள். உயிர்ப்பலி வாங்கியவளை அறிவு வாதத்தின் நாயகியாக்கிய காப்பியம் அது. இன்னொரு பக்கம் குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டு அவளுக்கு நடந்த கொலையை மறக்கவிடாமல் பாடியது. முப்பந்தலில் அவளை இசக்கியாக்கிப் பிள்ளை வரம் கேட்டார்கள். சைவம் எழுபது பேரைப் போற்றியபோது சமணம் அவளுக்குப் புத்தியைக் கொடுத்தது, நாட்டார் மரபு அவளுக்குக் கோயிலைக் கொடுத்தது. அவளை மறுபடி எழுதுவது நம் பழைய வழக்கம். சாமியாகிவிட்டவளைக் காதல் கதையோடு பேசலாமா என்று தயங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அவளைத் தெய்வமாக்கியவர்களும் கதை சொல்லிகளே.

இந்த மறுஎழுத்து இப்போதும் நடக்கிறது. 2025-இல் வந்த மலையாளப் படமான ‘லோகா’, நீலியின் மலையாள வடிவமான கள்ளியங்காட்டு நீலியை ரத்தம் குடித்து வாழும் நாயகியாக்கி, இன்றைய பெங்களூருவில் குடிவைத்து, பக்கத்து வீட்டில் அவளை நேசிக்கும் ஓர் அப்பாவி இளைஞனையும் வைத்தது. பலம் அவளிடம், பயம் அவனிடம் என்று மேயரின் சூத்திரம் அங்கே புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. மக்கள் திரண்டு பார்த்தார்கள். ஆனால் பலத்தைக் கைமாற்றிக் கொடுத்தால் கேள்வி தீர்ந்துவிடாது. பலமுள்ளவள் பெண்ணாக இருந்தாலும் பூட்டிய அறை பூட்டிய அறையாகவே இருக்கிறது. யார் கொல்ல முடியும் என்பதை மாற்றுவது எளிது. யார் பொறுப்பு என்பதைக் கதைக்குள் கொண்டுவருவதுதான் கடினம்.

ஆகவே செயலிகளில் எழுதிக்கொண்டிருக்கும் நம் இளம் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காட்டேரிக் காதலை விட்டுவிடவேண்டாம். வாசகியின் பயத்தைப் பயமென்று ஒப்புக்கொள்ளும் வடிவம் நம்மிடம் வேறு அதிகம் இல்லை. ஆனால் காதலனின் நல்ல மனதோடு கதையை முடித்துவிடாதீர்கள். அந்த அறைக்கு வெளியே யார் நிற்கிறார்கள், அவள் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள், கொடுத்த வாக்கு தவறினால் யார் தண்டனை ஏற்பார்கள் என்று எழுதுங்கள். பழையனூரில் எழுபது பேர் ஓர் ஆணின் உயிருக்கு உயிர் வைத்தார்கள். அதே பிணையை ஒரு பெண்ணுக்குக் கேட்கும் கதை இன்னும் தமிழில் எழுதப்படவேண்டியிருக்கிறது. அதை எழுதக்கூடியவர்கள் இன்று தொடர்கதை எழுதுகிற, படிக்கிற பெண்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.